லீவில் வந்தவர்களுக்கு: ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு ராத்திரி கூடாரம்

சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் லீவில் வரும் குடும்பங்கள், ராமேஸ்வரம் கோயிலையும் சொந்தக்காரர் வீட்டு விருந்துகளையும் ஒருவழியாக முடித்த பிறகு கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "சனி ஞாயிறு கடற்கரையில் டென்ட் போட்டுத் தங்கலாமா?" தாராளமாகத் தங்கலாம். பிள்ளைகள், கூட வரும் நண்பர் குடும்பம், பெரியப்பா வீட்டில் வளர்கிற நாய் என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டே போகலாம். ஆனால் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் அனுமதி வாங்கிக்கொண்டு, குழாயும் கழிப்பறையும் பக்கத்திலேயே இருக்கிற திடலில் கூடாரத்தை விரிப்பது போன்ற ஏற்பாட்டை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். இந்தக் கரை பார்வைக்குத்தான் ஆளில்லாமல் கிடக்கும். பகலில் அங்கே வலை காயும், கருவாடு காயும். விடியலில் வத்தை என்ற நாட்டுப்படகு இறங்கும். ராத்திரியில் போலீஸ் ரோந்து வரும். இதற்கெல்லாம் நடுவில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் சனிக்கிழமை சாயங்காலம் போய் ஞாயிறு மதியம் திரும்புவதற்கான வழிமுறைதான் இது.

முதலில் காற்று, அப்புறம்தான் இடம்

மாவட்டத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தொண்டி, காரங்காடு, தேவிபட்டினம், ஆற்றங்கரை, பிரப்பன்வலசை, அரியமான் எல்லாம் வடக்குக் கடல். வேதாளை, புதுமடம், பெரியபட்டினம், சேதுக்கரை, கீழக்கரை, வாலிநோக்கம் எல்லாம் தெற்குக் கடல். உச்சிப்புளிப் பக்கம் நிலம் அவ்வளவு குறுகல், ஒரு கடலில் குளித்துவிட்டு அரை மணிக்குள் காரில் அடுத்த கடலுக்குப் போய்விடலாம். அதனால் இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டுக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கு மறைவான கடலைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

வளைகுடா நாடுகளில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில் வரும். அது இங்கே கச்சான் காற்றுக் காலம். தென்மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்றில் தெற்குக் கடல் குமுறும், வடக்குக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அப்போது அரியமான், பிரப்பன்வலசைப் பக்கம் போங்கள். கடல்தான் அமைதி, காற்று அமைதியாக இருக்காது. மணலை வாரி முகத்தில் அடிக்கும். காற்றாடியைப் பிடித்துக்கொண்டு பலகையில் சறுக்கும் கைட் சர்ஃபிங்காரர்கள் இந்த மாதங்களில் இந்தப் பக்கம் வருவதே அந்தக் காற்றுக்காகத்தான்.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் விடுமுறை. அது வாடைக் காலம், வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். வடக்குக் கடல் பொங்கும், தெற்குக் கடல் அடங்கியிருக்கும். தனுஷ்கோடிப் பக்கம் வடக்குக் கடலைப் பெண்கடல், தெற்குக் கடலை ஆண்கடல் என்பார்கள். பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள், டிசம்பரில் பெண்கடல் போடும் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை ரயிலோடு சேர்த்து விழுங்கிய புயலும் இந்தப் பருவத்தில் வந்ததுதான். அதனால் டிசம்பரில் வருகிறவர்கள் தேதியை இறுக்கிப் பிடிக்காமல், வானிலை தெளிந்த இரண்டு நாள் கிடைத்தால் போவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கடலும் ஒருசேர அடங்கியிருப்பது பிப்ரவரி, மார்ச்சில். அந்த மாதங்களில் லீவு கிடைப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஏப்ரல், மே மாதங்களில் நுங்கும் பதநீரும் கிடைக்கும், ஆனால் கூடாரத்துக்குள் தூங்க முடியாத புழுக்கம்.

கிளம்பும் நாள் காலையில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று. எந்த எண் கூண்டாக இருந்தாலும் சரி, ஏறியிருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். இரண்டு, கள்ளக்கடல் எச்சரிக்கை. காற்றே இல்லாத நாளில், எங்கோ தூரக் கடலில் கிளம்பிய பெரிய அலை வந்து கரையேறுவதை அப்படிச் சொல்கிறார்கள். ஐதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் மையம் இதை முன்கூட்டியே அறிவிக்கும், தமிழ்ச் செய்திகளிலும் வரும். மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கும் நாளில் நமக்குக் கரையில் வேலையில்லை.

எங்கே கூடாது, எங்கே வசதி

தனுஷ்கோடியில் ராத்திரி தங்கலாம் என்ற நினைப்பை இப்போதே விட்டுவிடுங்கள். பொழுது சாய்வதற்கு முன்பே சுற்றுலாப் பயணிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பகலில் போய்விட்டு வாருங்கள், போதும். தீவுகளும் அப்படித்தான். குருசடை, மனோலி, முசல் தீவு, அப்பா தீவு என்று ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருக்கும் 21 தீவுகள் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே காலை வைத்தாலே வழக்குதான். "நான் கூட்டிட்டுப் போறேன், யாரும் பாக்க மாட்டாங்க" என்று படகுக்காரர் யாராவது சொன்னாலும் ஏறாதீர்கள். தீவும் பவளப்பாறையும் பார்க்க ஆசையிருந்தால் வனத்துறையே பிச்சை மூப்பன் வலசையில் படகு விடுகிறது. காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகும் கயாக்கும் உண்டு. மறுநாள் காலைக்கு அதை வைத்துக்கொள்ளலாம், நாயை விட்டுவிட்டு.

முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் சொல்வது, கடலை ஒட்டிய தென்னந்தோப்பு. தோப்புக்காரர் யாரென்று தெரியும், கிணறோ அடிபம்போ இருக்கும், காவலுக்கு ஒருவர் இருப்பார், பெண்களுக்குக் கழிப்பறைக்கு ஒரு வழி கிடைக்கும். உச்சிப்புளி, இருமேனி, பிரப்பன்வலசைப் பக்கம் இப்படித் தோப்புகள் நிறைய. உங்கள் சொந்தக்காரருக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று விசாரித்தால் ஒரு தோப்பு கட்டாயம் அகப்படும். நீர் விளையாட்டு சொல்லித்தரும் இடங்கள் சிலவற்றில் கூடாரத்தில் தங்க விடுவதும் உண்டு. அங்கே முன்பதிவு செய்யும்போதே நாய் வருவதைச் சொல்லிவிடுங்கள்.

அரியமான் கடற்கரை சவுக்குத் தோப்போடு பார்க்க அழகாக இருக்கும். சனி, ஞாயிறு பகலில் கூட்டம். குடும்பத்தோடு பகல் பொழுதைக் கழிக்கச் சரி, நாயோடு ராத்திரி தங்க நான் சொல்ல மாட்டேன். சேதுக்கரையும் தேவிபட்டினமும் தர்ப்பணத்துக்கு வரும் இடங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசையை ஒட்டி அந்தப் பக்கமே வண்டியைத் திருப்ப முடியாது.

ஊரில் சொல்லிவிட்டுத் தங்குங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், எல்லாரும் விட்டுவிடுவதும் இதைத்தான். தனுஷ்கோடி முனையிலிருந்து இலங்கை சுமார் 30 கிலோமீட்டர். கடல் அட்டை, பீடி இலை, மஞ்சள் என்று கடத்தல் நடக்கிற கரை. நடு ராத்திரியில் முகம் தெரியாத நாலு பேர் டார்ச் லைட்டோடு கரையில் நின்றால் ஊர்க்காரர்களுக்கும் சந்தேகம் வரும், போலீசுக்கும் வரும். அதில் தப்பும் இல்லை.

தோப்புக்காரரிடம் பேசியாயிற்று என்று நிறுத்திவிடாமல், பக்கத்து மீனவக் குடியிருப்புக்கு வெயில் தாழ ஒரு நடை போங்கள். கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவராவது இருப்பார். அவரிடம் இப்படித் தொடங்கினால் போதும்: "ஐயா, நாங்க சிங்கப்பூர்லருந்து வந்திருக்கோம், பரமக்குடிதான் சொந்த ஊர். இன்னிக்கு ஒரு ராத்திரி அந்தத் தோப்புல தங்குறோம், பிள்ளைகளும் நாயும் இருக்கு. உங்களுக்கு ஏதும் இடைஞ்சல் வருமா?" அவர் முதலில் உங்கள் ஊரை விசாரிப்பார், அப்பா பெயரைக் கேட்பார், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். பிறகு அவரே கையை நீட்டி, "அந்தா அந்த ரெண்டு வத்தைக்கு நடுவுல போட்றாதீக, விடியக்காலம் கரைவலை இழுப்பாக" என்று சொல்லிவிடுவார். இந்தத் தகவல் எந்த வரைபடத்திலும் கிடையாது. கரைவலைக்கு நீளமான வடத்தை இருபக்கமும் ஆட்கள் நின்று இழுத்துக்கொண்டே நகர்வார்கள். அந்த வழியில் உங்கள் கூடாரம் இருந்தால் ஐந்து மணிக்கு உங்களை எழுப்பிவிட்டுத்தான் வேலை நடக்கும்.

சில ஊர்களில் ஊர்த்தலைவர், சில ஊர்களில் ஜமாத் என்று கேட்க வேண்டிய இடம் மாறும். அதையும் அந்தப் பெரியவரே சொல்வார். கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் வயதில் மூத்தவரைக் "காக்கா" என்று கூப்பிடுவது வழக்கம். பழக்கமில்லை என்றால் "பாய்" என்றே கூப்பிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் அந்த எல்லைக்குரிய காவல் நிலையத்திலோ கடலோரக் காவல் நிலையத்திலோ பெயர், எத்தனை பேர், வண்டி எண், தங்கும் இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் பாஸ்போர்ட் நகலையும் ஓசிஐ அட்டை நகலையும் கையில் வைத்திருங்கள். வளைகுடாவில் பாலைவனத்துக்குப் போகிறவர்கள் வைத்திருக்கும் துராயா போன்ற சாட்டிலைட் போன்களை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவதே குற்றம். இந்தக் கரையில் அது கையில் இருந்தால் விளக்கம் சொல்லி மாளாது. ட்ரோனும் வேண்டாம். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமான தளம் இருக்கிறது, கரையோரம் ட்ரோனைப் பறக்கவிட்டால் பெரிய தலைவலி.

போனில் சேமித்துக்கொள்ள: காவல் உதவிக்கு 112, ஆம்புலன்ஸ் 108, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554, கால்நடை ஆம்புலன்ஸ் 1962. தனுஷ்கோடி, ராமேஸ்வரம் பக்கம் சில சமயம் போன் இலங்கை சிக்னலைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

தண்ணீரும் சாமானும்

ராமநாதபுரத்துக்கு மாற்றல் போட்டால் "தண்ணியில்லாக் காட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்று அரசு ஊழியர்கள் புலம்புவது பழைய கதை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு நிலைமை மாறியிருக்கிறது, ஆனாலும் கரையோரக் கிணற்றுத் தண்ணீர் எல்லா இடத்திலும் குடிக்க உதவாது. குடிக்க, சமைக்க, வாய் கொப்பளிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். இரண்டு குடும்பம், எட்டுப் பேர் என்றால் 20 லிட்டர் கேன் மூன்று எடுத்தால் கவலையில்லை. உப்பைக் கழுவிக் குளிப்பதற்குத் தோப்புக் கிணறு போதும். கரைமணலில் ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணீர் வருவது உண்டுதான், மீனவர்கள் எடுப்பார்கள். எங்கே தோண்டினால் இனிக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

மற்ற சாமான்களை நீங்களே யோசித்துக்கொள்வீர்கள். மறந்துபோவதை மட்டும் சொல்கிறேன்: கனமான தார்ப்பாய் ஒன்று, பழைய அரிசிப் பைகள் ஏழெட்டு, சிறு மண்வெட்டி, முள் பிடுங்க ஒரு இடுக்கி, கடினமான அடிப்பாகம் உள்ள செருப்பு. சீமைக் கருவேல முள் இல்லாத இடம் இந்த மாவட்டத்தில் இல்லை. சாதாரண ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும், காற்றடைத்த மெத்தையை ஒரே ராத்திரியில் சப்பையாக்கும்.

கூடாரம் அடிப்பது

ஐந்து மணிக்கு முன்பே இடத்துக்குப் போய்விடுங்கள். இருட்டிய பிறகு மணலில் எதுவும் சரியாகத் தெரியாது.

கரையில் காய்ந்த கடற்புல் வரிவரியாக ஒதுங்கிக் கிடக்கும். அதில் நிலத்தைப் பார்த்து ஏறியிருக்கும் கடைசி வரிதான் தண்ணீர் வந்து போன எல்லை. இந்தக் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் கரை சரிவில்லாத சமதரையாக இருப்பதால் அந்தக் கொஞ்ச ஏற்றத்திலேயே தண்ணீர் வெகுதூரம் உள்ளே வரும். பௌர்ணமி, அமாவாசையில் இன்னும் கூடும். அதனால் கடற்புல் வரியை மட்டும் நம்பாமல் அதற்கும் மேலே ஏறுங்கள். ஊதா நிறத்தில் பூத்துப் படர்ந்திருக்கும் அடப்பங்கொடி எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் மணல் நிலைத்து நிற்கிறது என்று அர்த்தம். கூடாரம் அந்தக் கொடிக்குப் பின்னால் வரட்டும், கொடியின் மேல் வேண்டாம். பக்கத்திலேயே இராவணன் மீசை என்ற முள்புல் உருண்டை உருண்டையாக நிற்கும், அதன் நுனி ஊசி. கூடாரத்தின் அடித்துணிக்கும் ஆகாது, மோப்பம் பிடிக்கிற நாயின் மூக்குக்கும் ஆகாது.

தோப்புக்குள் என்றால் அண்ணாந்து பாருங்கள். தென்னைக்கு நேர் கீழே கூடாரம் கூடாது. பறிப்பவர் கைக்குத் தப்பிய காயும் காய்ந்த மட்டையும் எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வரிசை மரங்களுக்கு நடுவே வெட்டவெளியாக இருக்கும் பட்டையில் போடுங்கள்.

கூடாரத்தோடு வரும் கம்பி முளைகள் இந்த மணலில் நிற்காது. அரிசிப் பையில் முக்கால்வாசி மணலை நிரப்பி, வாயைக் கூடாரக் கயிற்றாலேயே இறுக்கிக் கட்டுங்கள். முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டினால் ஈர மணல் தட்டும். பையை அதில் குறுக்காகப் படுக்கவைத்து, மேலே மணலைத் தள்ளி, இரண்டு காலாலும் ஏறி மிதித்து இறுக்குங்கள். கயிறு மணலிலிருந்து சாய்வாக வெளியே வர வேண்டும், செங்குத்தாக வந்தால் இழுத்துக்கொண்டு வந்துவிடும். நாலு மூலைக்கும் நாலு பை, காற்று அடிக்கும் பக்கத்துக்கு இன்னும் இரண்டு. பிள்ளைகளுக்கு இது பிடித்த வேலை. அவர்களையே மிதிக்கச் சொல்லுங்கள். வாசல் காற்றுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும், கடல் தெரிய வேண்டும் என்பதற்காகக் காற்றுக்கு நேராக வைத்தால் ராத்திரி முழுக்க மணல்தான் போர்வை.

நாய்

நாயை வெளிநாட்டிலிருந்து கூட்டி வருவது தனிக்கதை. மதுரை வழியாகக் கொண்டுவர முடியாது, குறிப்பிட்ட பெருநகர விமான நிலையங்கள் வழியாகத்தான், அதுவும் முன்னனுமதிச் சான்றோடு. இரண்டு வாரம் லீவுக்கு அது தேவையில்லை. ஊரில் வளரும் நாயே போதும். சென்னையிலிருந்து ரயிலில் கூட்டி வருவதானால் முதல் வகுப்பு ஏசியில் முழு கூப்பேயைப் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் பிரேக் வேனில் உள்ள நாய்ப்பெட்டி. இந்த மாவட்டத்து மண்டை நாய், சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நாட்டு இனங்கள் வெயிலைத் தாங்கும். லாப்ரடார், ஹஸ்கி வைத்திருப்பவர்கள் மார்ச்சுக்கு மேல் கூட்டி வராமலிருப்பது நாய்க்குச் செய்யும் உபகாரம்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அது நக்கினாலும் கடித்தாலும், ஊர் நாயோடு சண்டை போட்டாலும் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் வரும்.

ஊர்க்காரர்களோடு சண்டை வருவதற்கு நாய்தான் பெரும்பாலும் காரணம், அதிலும் ஆட்டைத் துரத்துவது. கரையோரப் புதர்களில் ஆடுகள் சாயங்காலம் வரை மேயும். நீங்கள் "சும்மா விளையாடுது" என்பீர்கள், ஆட்டுக்காரர் சினையாட்டை நினைத்துப் பதறுவார். அடுத்தது கருவாட்டுக் களம். ஒரு வீட்டின் மூன்று நாள் உழைப்பு அந்தப் பாயில் காய்ந்துகொண்டிருக்கும். ஆக, சங்கிலி எப்போதும் கையில். பள்ளிவாசல், தொழுகைக்குப் போகிறவர்கள் பக்கம் நாயை நெருங்க விடாதீர்கள், உடுப்பில் எச்சில் பட்டால் அவர்கள் திரும்பப் போய் உடுப்பைக் கழுவ வேண்டியிருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும். நாய் மணலைத் தோண்டுகிறது என்றால் உடனே போய்ப் பாருங்கள்.

இனி நாய்க்கே ஆபத்தான விஷயம். வலையில் விழுந்து, உதவாது என்று கரையில் வீசிப் போட்ட மீன்களில் பேத்தை மீன் கிடக்கும். உருண்டையாக, சின்ன வாயோடு, வயிறு வெள்ளையாக, சில சமயம் பந்து மாதிரி உப்பிப்போய் இருக்கும். அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது, காய்ந்தாலும் வெந்தாலும் நஞ்சு போகாது. நாய் அதைக் கடித்துவிட்டு எச்சில் வடித்தாலோ, வாந்தி எடுத்தாலோ, பின்னங்கால் தள்ளாடினாலோ கூடாரத்தை அப்படியே போட்டுவிட்டு கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுங்கள். கரையில் நடக்கும்போது ஒருவர் முன்னால் போய் மணலைப் பார்த்துக்கொண்டே நடப்பது நல்லது. கெளுத்தி முள், தூண்டில் கொக்கி, வலையில் சிக்கிச் செத்த கடல் பாம்பு என்று இன்னும் பலதும் கிடக்கும்.

20 கிலோ எடையுள்ள நாய்க்கு வெயிலில் ஒரு நாளைக்கு 2 லிட்டர் தண்ணீராவது வேண்டும். நிழலில் ஒரு சட்டியில் எப்போதும் இருக்கட்டும். தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் கழிச்சலும் வாந்தியும் நிச்சயம். மதியம் பதினொன்றிலிருந்து நாலு வரை மணலில் நடக்க விடாதீர்கள். உங்கள் புறங்கையை மணலில் வைத்துப் பாருங்கள், ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் அதே சூடுதான். ராத்திரி நாயைக் கூடாரக் கம்பில் கட்டாதீர்கள். ஊர் நாய்கள் குரைத்ததும் ஒரே இழுப்பு, கூடாரமே கூடப் போகும். அதற்கென்று தனியாக ஒரு மணல் பை புதையுங்கள்.

கடலில் இறங்கும்போது

வடக்குக் கடல் ஆழமில்லாதது, சில இடங்களில் வெகுதூரம் நடந்தும் இடுப்பளவு தண்ணீர்தான். பிள்ளைகளுக்கு அது சௌகரியம். ஆனால் கச்சான் காலத்தில் ஒரு பொறி இருக்கிறது. காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். அலையே இல்லாத அந்தத் தண்ணீரில் காற்றடைத்த மிதவையில் பிள்ளையை உட்கார வைத்தால், நீங்கள் போனை எடுத்து ஒரு படம் பிடிப்பதற்குள் மிதவை எட்டாத தூரம் போய்விடும். மிதவையே வேண்டாம். லைஃப் ஜாக்கெட் போடுங்கள்.

சேற்று மணலில் திருக்கை புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அதிர்வு உணர்ந்து விலகிவிடும். முள் குத்திவிட்டால் பொறுக்கும் அளவுக்கு வெந்நீரில் காலை அமிழ்த்தி வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சொறி என்ற ஜெல்லி மீன் பட்ட இடத்தை நல்ல தண்ணீரில் கழுவாதீர்கள், தேய்க்கவும் கூடாது, கடல்நீரையே ஊற்றுங்கள். மூச்சுத் திணறினால் 108. வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை முகத்திலும், பாம்பன் கால்வாய்ப் பக்கமும், தனுஷ்கோடி முனையான அரிச்சல்முனையிலும் நீரோட்டம் கடுமை. அங்கே காலைக்கூட நனைக்க வேண்டாம்.

மண்டபம் சுற்றுவட்டாரத்தில் கரைக்கு அருகே மூங்கில் மிதவைகள் வரிசையாகத் தெரியும். அது பாசி வளர்ப்பு, பெரும்பாலும் பெண்களின் பிழைப்பு. ஏறி உட்கார்ந்து படம் பிடிக்கும் இடமாக நினைத்துவிடாதீர்கள். பவளத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. செத்து ஒதுங்கியிருந்தாலும் எடுத்துப் பையில் போடாதீர்கள், மதுரை விமான நிலையச் சோதனையில் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

சாப்பாடும் அடுப்பும்

ராத்திரிச் சாப்பாட்டை எளிமையாக வையுங்கள். புளிச்சோறு, அவித்த முட்டை, சொந்தக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்த இட்லி என்று இருந்தாலே பாதி வேலை மிச்சம். மீன்தான் வேண்டும் என்றால் சனிக்கிழமை காலை கரை ஏலத்தில் வாங்கி, சுத்தம் செய்து, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பாறையோ விளமீனோ கிடைத்தால் ராமநாதபுரம் முண்டு மிளகாயை அரைத்துத் தடவி வாட்டினால் வேறு எதுவும் வேண்டாம். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் மிளகாயைப் பாதியாக்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும்.

சவுக்குத் தோப்புக்குள் அடுப்பு மூட்டவே கூடாது. காலடியில் கிடப்பது முழுக்கக் காய்ந்த சவுக்கு ஊசி, ஒரு பொறி போதும். ஓலைக் குடிசைக்கும் வலைக் குவியலுக்கும் தள்ளி, வெறும் மணலில் பள்ளம் பறித்து மூட்டுங்கள். கச்சான் அடிக்கும் நாளில் கேஸ் அடுப்பு, அதுவும் மறைப்புக்குள். படுப்பதற்கு முன் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். மணலைப் போட்டு மூடினால் உள்ளே கங்கு கனன்றுகொண்டே இருக்கும், விடியலில் வெறுங்காலோடு வலை இழுக்க வருபவர் மிதிப்பார். மீன் முள்ளை நாய்க்குப் போடாதீர்கள்.

மதுப்புட்டி எடுத்து வருபவர்களுக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். ஊர் உங்களுக்குக் காட்டும் முகம் மாறிவிடும்.

ராத்திரி

வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். பெரிய எல்இடி விளக்கைக் கடலைப் பார்த்து வைத்தால் ரோந்துக்காரர்களுக்கும் குழப்பம், ஆமைக்கும் குழப்பம். யாராவது வந்து விசாரித்தால் ஆண்களும் பெண்களுமாக எழுந்து வந்து நின்று பேசுங்கள், எழுதிக் கொடுத்த தாளின் நகலைக் காட்டுங்கள், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். கழிப்பறைக்குத் தனியாகப் போகாமல் இரண்டு பேராக, டார்ச்சோடு, செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள். புதர் ஓரங்களில் சுருட்டை விரியன் உண்டு. பாம்பு கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், அசையாமல் வைத்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். செருப்பைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே விட்டால் நாய் ஒன்றைத் தூக்கிப் போகும், நண்டு இன்னொன்றில் குடியிருக்கும்.

ஞாயிறு காலை

கரைவலை இழுப்பவர்களோடு சேர்ந்து பிள்ளைகள் வடத்தைப் பிடிக்க ஆசைப்பட்டால் கேட்டுவிட்டுப் பிடிக்கட்டும், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே இடம் கொடுப்பார்கள். வலை கரைக்கு வரும்போது நாய் மட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அங்கேயே மீன் வாங்கினால் பேரம் பேசாதீர்கள்.

மணல் பைகளைத் தோண்டி எடுத்து, மணலைக் கொட்டி, குழிகளை மூடுங்கள். மூடாத குழியில் இருட்டில் யாராவது காலை விடுவார்கள். குப்பையைத் தோப்பில் கொளுத்த வேண்டாம், மூட்டை கட்டி வண்டியிலேயே ராமநாதபுரம் வரை கொண்டு வாருங்கள். தோப்புக்காரர் பணம் வாங்க மறுத்தால் காவல்காரர் கையில் கொடுங்கள். கூடாரத்தின் ஜிப்பை நல்ல தண்ணீரில் அலசாமல் மடித்தால் உப்பு ஏறி அடுத்த லீவில் திறக்காது. நாயின் காதையும் விரல் இடுக்கையும் ஈரத்துணியால் துடைத்து, உண்ணி ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள், காரில் ஏறிய பிறகு பார்த்துப் பயனில்லை.

தெற்குக் கடல் பக்கம் தங்கியவர்கள் திரும்பும் வழியில் கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பை வாங்கிக்கொள்ளலாம். சில நாள் கெடாமல் இருக்கும், அலுவலகத்தில் கொடுக்கத் தோது. ராமநாதபுரத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு இரண்டரை மணி நேரம் வையுங்கள். அன்று ராத்திரியே விமானம் என்றால், நாயைப் பெரியப்பா வீட்டில் இறக்கிவிடும் நேரத்தையும், அங்கே காபி குடிக்காமல் விட மாட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கரையை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.